மூடி வைத்த தட்டு

அன்புள்ள சொக்கு,

நேற்று மத்தியானம் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஆத்தா, தாரினாவோட அம்மா உசுரோட இல்லைன்னு உறுதியாயிருச்சு. சித்திகாரிக்குத் தகவல் வந்திருக்கு. புள்ளைக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கெழமை சொல்லணும். எப்பிடிச் சொல்றதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்குப் பேச வராது. கரும்பலகையில் படம் போட்டே காலத்தைத் தள்ளியவள். அதனால்தான் எழுதி, தாளைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன்னோடு அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் படித்துச் சொல்லலாம். இன்றில்லாவிட்டால் நாளை, அவர்களும் ஏதாவது ஒரு பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொல்லத்தான் போகிறார்கள்.

அவர்களுக்கு நம் வீட்டைத் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். கண்டனூரில் ஒரு தெருவில் வாசலை வைத்து அடுத்த தெருவில் முடிகிற வீடு இது. பங்காளிகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வருவார்கள். பூட்டைத் திறப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், மறுபடி பூட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். வருஷம் முழுக்க இங்கே மூச்சு விடுவது நானும் உன் அப்பச்சியும்தான். நம் பக்கத்தில் அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி என்போம். நான் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்குப் பாடம் முடியாவிட்டால் என் பீரியடைத்தான் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ பிசியோதெரபி படித்துவிட்டு உக்ரைனுக்குப் போகிறேன் என்றபோது உன் அப்பச்சி, "அங்குட்டு இருக்கிறவுக எல்லாம் தப்பிச்சா போதும்னு இங்குட்டு ஓடியாராக. இவன் எதுத்தாப்புல போறேங்கிறான்" என்று சொல்லிவிட்டு, நீ விமானம் ஏறும் வரை உன்னோடு சரியாகப் பேசவில்லை. போய்ச் சேர்ந்த புதிதில் நீ எனக்கு ஒன்று சொன்னாய். குண்டில் ஒரு காலை இழந்த ஒருவர், இல்லாத பாதம் அரிக்கிறது என்று அழுதாராம். நீ நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்து, இருக்கிற காலைச் சொறிந்துவிட்டாயாம். கண்ணாடிக்குள் இரண்டு காலும் தெரிந்ததும் அவர் நிம்மதியாக மூச்சு விட்டாராம். சினிமாக்கதை கேட்பது போல உன் அப்பச்சி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இத்தனை காலி அறைகளுக்கு நடுவில் இருக்கிறவளுக்கு, இல்லாத ஒன்று அரிக்கும் என்பது புரியாமலா போகும்.

பிறகுதான் அந்தப் படவகுப்பு. உங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சனிக்கிழமை தோறும் வீடியோவில் படம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாய். நான் சொல்லச் சொல்ல நீ அவர்கள் பாஷையில் சொன்னாய். வலது கையை இழந்த பெரிய ஆள் ஒருவரும் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து இடது கையால் கிறுக்கினார். அவர் போட்ட வாழைப்பழத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார். இதற்காகவாவது நீ அங்கே போனது சரி என்று அன்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக விழும் என்று நான் வளவில் உட்காருவேன். போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைப்பேன். வளவு என்றால் நம் வீட்டின் நடுமுற்றம். சுற்றிலும் தூண்கள். அங்கிருந்து பார்த்தால் கதவுக்குப் பின் கதவாகக் கிணற்றடி வரைக்கும் தெரியும்.

வீட்டை வரையச் சொல்லாதே, அம்மாவை வரையச் சொல்லாதே என்று நீ முதலிலேயே எச்சரித்திருந்தாய். ஆகவே பள்ளிக்கூடத்தில் நான் வழக்கமாகக் கொடுக்கிற பயிற்சியையே கொடுத்தேன். எதிரில் இருக்கிற ஆளை வரையாதே, ஆளுக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ அதை வரை. முகம் வரையப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு அது ரொம்ப லகுவாக வரும். எல்லோரும் என்னை வெள்ளையாக விட்டுவிட்டு என் பின்னால் இருந்த வளவை வரைந்தார்கள். தாரினா மட்டும் கிணற்றுப் பக்கத் தூணுக்கு அடியில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தாள். பச்சை உடுப்பு. முதுகுதான் தெரிந்தது. காலை நீட்டி, தலைமுடியை ஒரு தோளில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தை அவள் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். வெறும் தரை, வெயில் பட்டுப் பளபளத்தது. நான் திரும்பியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமும் அதே பெண், அதே தூண். அதற்கடுத்த வாரம் நான் வேண்டுமென்றே போனைத் திருப்பி, அந்தத் தூண் திரையில் விழாதபடி சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகள் சுவரை வரைந்தார்கள். தாரினா தூணையும் அந்தப் பெண்ணையும்தான் வரைந்திருந்தாள். அன்றைக்குத்தான் வகுப்பின் நடுவில் உங்கள் ஊர்ச் சங்கு ஊதியது. குண்டு வருகிறது என்பதற்கான சங்கு. நம் வீட்டில் எந்தச் சத்தமும் இரண்டு மடங்காகக் கேட்கும். புறாக்கள் எல்லாம் பறந்து போயின. நீ போனை அணைத்துவிட்டாய். நான் வெறும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பச்சி உள்ளே வந்து, "பின்கட்டுல என்ன ஊதுது? இன்னும் நிக்கலையே" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைச் சுத்தம் செய்யுங்கள் என்று அவரை விரட்டிவிட்டேன். ஆனாலும் அன்றைக்குப் பின்கட்டுப் பக்கம் நான் போகவில்லை.

நீ அனுப்பிய படங்களை அவரிடம் காட்டியது அதற்குப் பிறகுதான். சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்கிற மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆச்சி இப்பிடித்தான் உக்காந்திருப்பாக. தலை காயிற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டாக" என்றார். அவர் ஆச்சி என்றது அவருடைய அக்காவை. கல்யாணம் நிச்சயமான பிறகு காய்ச்சலில் போய்விட்ட உன் அத்தை. நீ அவளைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவளுக்காக வருஷா வருஷம் வைக்கிற சேலை மட்டும் நமக்குத் தெரியும். அது பச்சைச் சேலை.

உன் கூட்டாளிகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் வீட்டில் செத்தவர்களை அப்படியே விட்டுவிடுவதில்லை. மணைப் பலகையில் புதுச்சேலையை மடித்து வைத்து, விளக்கேற்றி, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் பரிமாறிப் படைப்போம். கொஞ்ச நேரம் எல்லோரும் விலகி நிற்போம். அவர்கள் சாப்பிடுகிற நேரம் அது. அந்த வருஷப் படைப்புக்கு நாள் இருந்தது. ஆனால் உன் அப்பச்சி, "எங்கேயோ இருக்கிற புள்ளை கண்ணுக்குத் தெரிஞ்சு வந்திருக்காக. பசியாத்தான் வந்திருப்பாக. இப்பவே வச்சிருவோம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சனிக்கிழமை காலையில் அந்தத் தூணடியிலேயே படைத்தோம். வகுப்பு நேரம் வந்தும் நான் எதையும் எடுக்கவில்லை. நல்ல காரியம்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று போனைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

தாரினா திரைக்குக் கிட்டே வந்து, அது என்ன, யாருக்கு என்று கேட்டாள். நீ என்னிடம் கேட்டாய். நான் பெருமையாக, "நீ வரைஞ்சியே, அவகளுக்குத்தான் ஆத்தா. அவக செத்து ரொம்ப நாளாச்சு. இப்பச் சாப்பிட வந்திருக்காக" என்றேன். நீயும் ஒரு நொடி யோசிக்காமல் அதை அப்படியே அவள் பாஷையில் சொன்னாய். அந்தப் பிள்ளை கலர் பென்சிலை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினாள், மூடினாள், எழுந்து போய்விட்டாள். ஏன் போகிறாள் என்று நாம் இருவருமே விழித்தோம்.

சாயங்காலம் அவளுடைய சித்தியிடம் நீ கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. கால் தேறுவதற்காக உன்னிடம் வருகிற அந்தச் சித்தியிடம் பிள்ளையை விட்டுவிட்டு, படுக்கையில் கிடந்த மாமனாரை அழைத்துவரக் கிழக்கே திரும்பிப் போனவள் ஒலேனா, தாரினாவின் அம்மா. பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அதோடு தகவல் இல்லை. அம்மாவைக் குண்டு விழாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று பிள்ளை மனசுக்குள் இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். திரையில் என் முதுகுக்குப் பின்னால் கெட்டித் தூண்களும் கனமான கதவுகளுமாக, ஆளில்லாத ஒரு வீடு தெரிந்திருக்கிறது. கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். நம்மிடம் சொல்லிவிட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான். அவளை நாங்கள் எங்கள் வீட்டுச் செத்தவளாக்கி இலை போட்டுவிட்டோம். நான் அன்று அழுத அழுகையை உன் அப்பச்சி என் அம்மா போனபோதுகூடப் பார்த்ததில்லை.

தாரினா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவள் பார்க்க மாட்டாள் என்றாய். நான் சேலையை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மணையைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் மத்தியானத்திலிருந்து ஒரு தட்டில் சாப்பாடு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு அந்தத் தூணடியில் வைக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை வகுப்பிலும் அது என் பின்னால் இருந்தது. நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வரைந்ததில் அது விழுந்தது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை திரையின் ஓரத்தில் பாதி முகம் தெரிந்தது. "இது யாருக்குன்னு கேக்குறா" என்றாய், இந்த முறை பயந்துகொண்டே. "வர நேரமாகும்னு சொல்லிட்டுப் போனவகளுக்கு எடுத்து வச்சிருக்கேன். செத்தவகளுக்குன்னா எலையைத் தொறந்து வைப்போம். வரப்போறவகளுக்குத்தான் மூடி வைப்போம்" என்றேன். அவள் திரைக்குள் முழுதாக வந்து நின்றாள். அம்மா காரம் சாப்பிட மாட்டாள் என்றாள்.

அன்றிலிருந்து காரச் சட்னி போச்சு. வெள்ளைப் பணியாரமும் சர்க்கரையும்தான். உன் அப்பச்சிக்குச் சர்க்கரை ஆகாது என்பதால் எனக்கு இரட்டை வேலை. சாயங்காலம் தட்டை எடுத்து மாட்டுக்கு வைத்துவிடுவேன். செம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். வெயிலுக்குக் குறைகிறது என்பார் உன் அப்பச்சி. இருக்கலாம். ஆனால் தட்டு இல்லாத காலை நேரத்தில்கூட அவர் அந்தத் தூணடியை மிதிப்பதில்லை. நேராக நடந்து வருகிறவர் அங்கே வந்ததும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போகிறார். பெருக்க வருகிற பெண்ணும் அப்படித்தான். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஏன் சுற்றிப் போகிறாய் என்று கேட்டால், "எங்கன சுத்தினேன்?" என்று என்னையே கேட்கிறாள். நானும் சுற்றித்தான் போகிறேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

படத்தில் அந்தப் பெண் வாரத்துக்கு வாரம் இங்குட்டுத் திரும்பிக்கொண்டே வந்தாள். முதலில் தோள், பிறகு காது, பிறகு கன்னம். அம்மா முகம் மறந்துவிடக் கூடாது என்று பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் சேர்க்கிறாள் என்று நீ சொன்னாய். அப்படித்தான் இருக்கும். போன சனிக்கிழமை முழு முகம் வரும் என்று நான் காத்திருந்தேன். தாரினா படத்தைத் தூக்கிக் காட்டினாள். தூண் இருந்தது. மூடிய தட்டு இருந்தது. பெண் இல்லை. எங்கே அம்மா என்று கேட்டேன். முகம் கழுவப் போயிருக்கிறாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பென்சில் சீவப் போனாள். அந்த நேரம் பார்த்து உன் அப்பச்சி முன்கட்டிலிருந்து, "கெணத்தடியில யாரு தண்ணி எறைக்கிறது?" என்று கேட்டார். மோட்டார் போட்ட நாளிலேயே நாம் வாளியையும் கயிற்றையும் எடுத்துவிட்டோம். அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும், எடுத்தவரே அவர். உனக்கு இதை இன்றுதான் சொல்கிறேன். நேற்று நீ போனில் விஷயத்தைச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கேள்விதான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். என் அப்பச்சி இறந்தபோது எனக்கு யாரும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், கிளம்பி வா என்றுதான் ஆள் வந்தது. அவருக்குப் பிடிக்குமே என்று நான் கீழச்சிவல்பட்டியில் இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு போனேன். தெருவில் திரும்பினால் பந்தல். கையில் வெற்றிலையோடு நான் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. துக்கம் எப்போதோ ஆறிவிட்டது, அந்த வெற்றிலைதான் ஆறவில்லை. அதனால்தான் உன் ஐயா, உன் அப்பச்சியைப் பெற்றவர், போனபோது நான் உன் விடுதிக்கு நேராகப் போன் செய்து, "ஐயா காலையில செத்துட்டாக, சொக்கு. அழுதுட்டுக் கிளம்பு" என்றேன். கல்நெஞ்சக்காரி என்று என்னோடு ஒரு வாரம் நீ பேசவில்லை. பரவாயில்லை. நீ வெற்றிலை வாங்கிக்கொண்டு வரவில்லை.

ஆகவே, சுற்றி வளைக்காதே. காலை நேரத்தில், வெளிச்சத்தில், சித்தி பக்கத்தில் இருக்கும்போது சொல். தூங்குகிறாள் என்று சொல்லாதே, தூரமாகப் போயிருக்கிறாள் என்று சொல்லாதே. செத்துவிட்டாள் என்கிற சொல்லையே சொல். அவள் தரையில் உட்கார்ந்தால் நீயும் தரையில் உட்கார். அழும்போது கையில் பென்சிலைக் கொடுக்காதே. உங்கள் ஆட்களில் சிலருக்கு அந்த அவசரம் உண்டு, நான் திரையிலேயே பார்த்திருக்கிறேன். படம் போடுவது ஆறுதல்தான், ஆனால் அவள் கை நீட்டும்போதுதான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் அந்த வீட்டில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது யார் என்று அவள் கேட்பாள். கட்டாயம் கேட்பாள். உனக்கு அதுதான் பயம், எனக்கும் அதுதான். இதற்கு உன்னிடமே பதில் இருக்கிறது. கண்ணாடி வைத்துச் சொறிந்துவிட்டாயே, அந்த மனிதரிடம் கால் இருக்கிறது என்று சொன்னாயா? இல்லை. அரிப்பே பொய் என்று சொன்னாயா? அதுவும் இல்லை. அரிக்கிற இடத்தில் கையை வைத்தாய். இதற்கும் அதைத்தான் செய். உன் அம்மா செத்துவிட்டாள், அது நிஜம். எங்கள் வீட்டில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருவரும் மிதிக்கவில்லை, அதுவும் நிஜம். ஆத்தாவே பார்த்தார்கள் என்று சொல். நான் சாட்சி.

இன்று காலையில்தான் உன் அப்பச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய், ஒரு பச்சைச் சேலை வாங்கிக்கொண்டு வந்தார். உன் அத்தையின் சேலையைத் தொடவில்லை, இது வேறு, புதிது. "மணையை எடுத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு தடவை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் அவள் அம்மாவுக்கு இலை போட்டோம். இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்கு மனசு வராது. சேலை பையிலேயே இருக்கட்டும். மூடியை எடுக்கச் சொல்ல வேண்டியது தாரினா. அவள் எடு என்றால் எடுத்து, இலையைத் திறந்து வைத்து, சேலையை மடித்துப் படைக்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். வருஷக்கணக்கில் மூடச் சொன்னாலும் மூடுவேன். எனக்குப் பிறகும் மூட வேண்டியிருந்தால், இந்த வீட்டுக்கு நீதான் வர வேண்டும்.

இன்றைக்கும் பணியாரம் ஊற்றிச் சர்க்கரை வைத்து மூடியிருக்கிறேன். உன் அப்பச்சி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தூணடியில் சற்று நின்றார். வழக்கம் போலவே சுற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லி முடித்த பிறகு, அவள் சம்மதித்தால் கூப்பிடு. போனை ஜாடியில் சாய்த்துத் தூணைப் பார்க்க வைத்திருப்பேன். இந்த முறை நான் நடுவில் உட்கார மாட்டேன்.

உன் ஆத்தா